பானட்டில் விளைந்த உப்பு

கரண்ட் போனது சரியாகப் பாதி வண்டியில்.

வலது பக்கம் முழுக்கக் கழுவி, பானட்டின் நடுவரைக்கும் வந்திருந்தேன். ஓஸ் ஒரு தடவை இருமியது. பிறகு வெற்றிலை துப்புகிற மாதிரி கொஞ்சம் துப்பியது. அப்புறம் அதுவும் இல்லை. பின்பக்கம் போர் மோட்டார் நின்ற பிறகுதான், அதுவரை அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று காதுக்குத் தெரிந்தது.

மத்தியானம் சாய ஆரம்பிக்கிற நேரம். தகரத்தைத் தொட்டால் தோசைக்கல். வலது பக்கம் ஈரத்தில் கறுகறுவென்று மின்னுகிறது. இடது பக்கம் துறைமுக ரோட்டுத் தூசி அப்படியே இருக்கிறது. நடுவில் ஷாம்பு நுரை எல்லைக்கோடு போட்ட மாதிரி நிற்கிறது.

அக்கா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

“என்னலே, வண்டி பாதி சவரம் பண்ணுன மூஞ்சி மாதிரி நிக்கி?”

சலூனில் கரண்ட் போனால் இப்படித்தான் அனுப்பிவைப்பார்கள் என்றேன். எறிய ஏதாவது கிடைக்கிறதா என்று சுற்றிப் பார்த்தாள். தேங்காய் நார்தான் கிடைத்தது. அக்காவுடையது ஸ்டியரிங் பிடிக்கிற கை, குறி தப்பாது.

நுரையை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போய்விட்டேன். துடைக்கவில்லை. துடைப்பது அப்போது என் கொள்கையிலேயே கிடையாது. வெயில் எதற்கு இருக்கிறது? காற்று எதற்கு இருக்கிறது? விளக்கு வைத்த பிறகுதான் கரண்ட் வந்தது. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாயிற்று.

மறுநாள் காலையில் அந்தப் பாதி வண்டியைப் பார்த்துவிட்டு நான் வாயடைத்து நின்றேன். நான் வாயடைப்பது எங்கள் தெருவில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் இந்த வாரப் பத்தியில் அதை எழுத உட்கார்ந்தேன். போன வாரம் அம்மாவின் சாளை மீன் குழம்பைப் பற்றி எழுதியதற்கு அம்மா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதும் ஒரு காரணம். இந்த வாரம் அக்கா கோபித்துக்கொள்ளட்டும்.

மஞ்சள் வேன், கறுப்பு வண்டி

அக்கா பேர் பாக்கியம். தூத்துக்குடியில் நர்சிங் படிக்கிற பிள்ளைகளை ஹாஸ்டலில் இருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியில் இருந்து ஹாஸ்டலுக்கும் வேனில் ஏற்றி இறக்குவது அவள் வேலை. பல வருசம் ஓட்டினாள். பொம்பளை வேன் ஓட்டுகிறாளே என்று முதலில் பார்த்தவர்கள், பிறகு அவள் ரிவர்ஸ் எடுக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தார்கள்.

வேன் மஞ்சள். மஞ்சளில் எதுவும் தெரியாது. சேறு தெரியாது, கீறல் தெரியாது, தம்பி கழுவினானா கழுவவில்லையா என்பதும் தெரியாது. என் வாழ்க்கையின் பொற்காலம் அது. மஞ்சளாக இருந்ததால் மட்டும் சொல்லவில்லை.

பிறகு அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. கல்யாணத்துக்குப் பெண்ணை ஏற்றிப் போகிற வண்டி வைத்து ஓட்ட வேண்டும் என்று. பழைய வண்டி ஒன்றைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள் வைத்திருந்த வண்டி. நீளமாக, கறுப்பாக இருந்தது. வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு அதன் கதவில் என் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தெரிவதைவிட அழகாக இருந்தேன்.

அந்த ஊர்த் தண்ணீர் அப்படி. அது அன்றைக்குத் தெரியவில்லை.

எங்களிடம் வந்து ஒரு மாதம் முடிவதற்குள் வண்டிக்கு அம்மை போட்டுவிட்டது. பானட், கூரை, கதவு என்று எங்கே பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வளையம். முத்துக்குளித்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்களே, தண்ணீர்த் துளியைப் பார்த்ததும் அவர்களுக்கு முத்து ஞாபகம் வரலாம். எங்களுக்கு வேப்பிலைதான் ஞாபகம் வந்தது.

சித்தப்பாவின் விரல்

வேனில் போன பிள்ளைகளில் ஒருத்தி ஜெனிட்டா. திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஆலந்தலைப் பிள்ளை. படிப்பு முடிந்து இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, திரேஸ்புரத்தில் மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று. கல்யாணம் தூத்துக்குடியில், மாப்பிள்ளை வீட்டார் போகிற மாதா கோயிலில். அன்றைக்கு ஆலந்தலையில் இருந்து தன்னைக் கூட்டிக்கொண்டு வருகிற வண்டியைப் பாக்கியம் அக்காதான் ஓட்ட வேண்டும், வேறு யார் ஓட்டினாலும் ஏறமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

அக்காவுக்கு வந்த முதல் கல்யாணம் அது. அதைக் கேட்ட அன்றைக்கு அக்கா எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள். அந்த அளவுக்குச் சந்தோசம்.

ஜெனிட்டாவுக்கு அப்பா இல்லை. சித்தப்பாதான் எல்லாம். அவர் ஒருநாள் வண்டியைப் பார்க்க வந்தார். கடலில் போய் வந்த உடம்பு, கம்மிய குரல். அக்கா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பானட்டில் விரலை வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். மறுபடி பானட்டைப் பார்த்தார்.

“வண்டி உப்பளத்துல கிடந்துச்சோ?” என்றார்.

உப்புக்காற்று அண்ணாச்சி, என்ன கழுவினாலும் புள்ளி போகமாட்டேன் என்கிறது என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை. பொம்பளை ஓட்டுகிறது என்றபோதே சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள், அதை அவர் சமாளித்துக்கொள்வாராம். ஆனால்,

“பிள்ளைய ஏத்துத வண்டி கண்ணாடி கணக்கா இருக்கணும். அவ அப்பன் இருந்தா எப்பிடிச் செய்வானோ அப்பிடிச் செய்யணும்லா நான். கல்யாணத்தன்னைக்கு வண்டி எங்க ஊருக்குள்ள நுழையயில பாப்பேன். இந்தப் புள்ளி இருந்தா பிள்ள இதுல ஏறாது. இன்னொரு வண்டியும் சொல்லி வச்சிருக்கேன், மனசுல வச்சிக்கிடுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்கு உறைத்தது.

அவர் போன பிறகு அக்கா வண்டியை பாலிஷ் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே மிசினைப் போட்டுத் தேய்த்துப் புள்ளியை எல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள். கோயமுத்தூர் மினுமினுப்பு திரும்பி வந்துவிட்டது. ஆனால் இப்படி அடிக்கடி தேய்த்தால் பெயிண்டே கரைந்து போய்விடும், இனிப் புள்ளி விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு என்று சொல்லி அனுப்பினார்கள்.

அக்கா கண்டுபிடித்த வழி ஒன்றே ஒன்று. உப்புக்காற்று படிவதற்குள் கழுவிவிட வேண்டும், காலையிலும் சாயங்காலமும். கழுவுவதற்குத்தான் தம்பி என்று ஒருவன் சும்மா கிடக்கிறானே. கடையில் இருந்து வந்த வழித்தூசியோடு அன்றைக்கு மத்தியானமே முதல் கழுவல்; அதில்தான் கரண்ட் போனது.

உப்புக்காற்று

எங்கள் ஊரில் எல்லாப் பாவத்துக்கும் உப்புக்காற்றுதான் பொறுப்பு. சன்னல் கம்பி துருப்பிடித்தால் உப்புக்காற்று. சைக்கிள் செயின் கிரீச்சிட்டால் உப்புக்காற்று. நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றதற்குக்கூட அம்மா ஒரு தடவை அதைத்தான் சொன்னாள். கடற்கரைக் காற்றுக்குப் பிள்ளைக்குத் தூக்கம் தூக்கமாக வருகிறதாம்.

ஒன்றை மட்டும் யோசித்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்கள் வீட்டுக் குழாய் மூக்கில் வெள்ளையாகத் தாடி முளைத்திருக்கும். குளிக்கிற வாளியின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், காய்ந்ததும் புள்ளி. போர்த் தண்ணீரில் குளியல் சோப்பு போட்டால் நுரைக்காது, கெட்ட பால் மாதிரி திரியும். பிறந்ததில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் அதே புள்ளி வண்டியில் விழுந்ததும் வீட்டோடு எல்லோரும் கடலைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்துவிட்டோம்.

எங்களை மட்டும் சொல்லவில்லை. தெருவில் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இதே கணக்குத்தான். புள்ளி விழுகிறதா, உப்புக்காற்று. உப்புக்காற்றா, நன்றாகக் கழுவு. போர்த் தண்ணீரை அடி. வெயிலில் நிறுத்து. காயட்டும். புள்ளி கூடிவிட்டதா? அப்படியென்றால் இன்றைக்குக் காற்று அதிகம், இன்னொரு தடவை கழுவு.

நல்ல தண்ணீரில் கழுவலாம் என்று யாரும் வாயெடுத்துச் சொல்லமாட்டார்கள். நல்ல தண்ணீர் என்றால் ஆற்றுத் தண்ணீர், தாமிரபரணியில் இருந்து குழாயில் வருவது. வருகிற அன்றைக்கு அம்மா டிரம்மில் பிடித்து, மூடி, மேலே துணி கட்டி, துணிமேல் ஒரு கல் வைப்பாள். சோற்றுக்கும் குடிக்கவும் மட்டும்தான் அது. அதில் வண்டி கழுவினேன் என்றால் அடுத்த வாரம் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுத வேண்டியிருக்கும்.

இரண்டு கன்னம்

சரி, மறுநாள் காலைக்கு வருவோம்.

பல்குச்சியும் கையுமாக வெளியே வந்தேன். வண்டி ராத்திரி முழுக்க நின்ற இடத்திலேயே நின்றது. இடது பக்கம் கடலைப் பார்த்து, வலது பக்கம் எங்கள் வீட்டு இடுப்பளவுச் சுவரைப் பார்த்து.

வலது பக்கம் முழுக்கப் புள்ளி, நான் கழுவின பக்கம். கதவில் தண்ணீர் வழிந்த தடம்கூட வெள்ளைக் கோடாக இருந்தது. கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வடிந்த மாதிரி இரண்டு கோடு.

இடது பக்கம் தூசி. ஒரு மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, மெதுவாக ஒற்றி எடுத்தேன். அடியில் கறுப்பு. சுத்தமான கறுப்பு. ஒரு புள்ளி இல்லை.

கடல்காற்று நேராக வந்து மோதுகிற பக்கம் அதுதான். ராத்திரி முழுக்க உப்பைக் குடித்த கன்னம் கண்ணாடியாக இருக்கிறது. சுவருக்குள் ஒளிந்துகொண்ட கன்னத்தில் அம்மை.

குச்சி வாயிலேயே நின்றுவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். மறுபடி சுற்றினாள்.

“வலது பக்கத்துல காத்து சுத்திட்டு வந்திருக்கும்லே.”

“ஆமா எக்கா. இடது பக்கம் வரயில செருப்பைக் கழட்டி வச்சிட்டு வந்திருக்கும்.”

அடி விழுந்தது. ஆனால் வழக்கமான அடியில் இருக்கிற உறுதி அதில் இல்லை. அவள் கண் பானட்டின் நடுவில் இருந்தது. நேற்று நுரை நின்ற அந்தக் கோட்டில், இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் கறுப்பு. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி.

ஒரு சொட்டு

அக்கா ஒன்றை நம்ப வேண்டும் என்றால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் குறுகுறுப்பு. சமையல்கட்டுக்கு மேடை போட்டபோது மிஞ்சின கறுப்பு கிரானைட் துண்டு ஒன்று மொட்டைமாடியில் கிடந்தது. அதைத் துடைத்து வெயிலில் வைத்தேன். போர்த் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். பக்கத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு.

மூன்றாவதாக ஒன்று விட்டேன். அது ஏ.சி. தண்ணீர்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பல் டாக்டரின் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவருடைய ஏ.சி. குழாய் எங்கள் பின்சுவர் ஓரமாக வடிந்துகொண்டே இருக்கும். சுவர் பாசி பிடித்துவிட்டது என்று அம்மா அவரோடு போடாத சண்டை இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டபின் கொஞ்ச காலம் ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் எடுபிடியாக இருந்ததில் எனக்கு ஒன்று தெரியும். அது எங்கிருந்தும் பிடித்து ஊற்றின தண்ணீர் இல்லை. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து சொட்டுவது. வெயில் காலத்துச் சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரி. அதையும் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நானும் அக்காவும் குத்தவைத்துக் குனிந்து பார்த்தோம்.

போர்த் தண்ணீர்ச் சொட்டு முதலில் சும்மா இருந்தது. பிறகு ஓரம் வெளுத்தது. சொட்டு சுருங்கச் சுருங்க அதன் கரையில் வெள்ளையாக ஒரு வரப்பு எழும்பியது. வரப்புக்குள் தண்ணீர் இன்னும் சுருங்கியது. உள்ளே இன்னொரு வரப்பு. கடைசியில் நடுவில் ஒரு பொட்டுத் தண்ணீர் மினுங்கிவிட்டு அதுவும் போனது. மிச்சம் நின்றது ஒரு வெள்ளை வட்டம்.

அக்கா நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தாள்.

முத்தையாபுரத்தில் இருந்து ஆறுமுகநேரி வரைக்கும் ரோட்டோரம் நாங்கள் வாழ்க்கை முழுக்கப் பார்த்தது இதைத்தான். பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, வெயிலில் விட்டால் உப்பு விளையும். ஊருக்கே சோறு போடுகிற தொழில். அதே தொழிலை நான் இத்தனை நாளாக அக்காவின் பானட்டில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தண்ணீர் பாய்ச்சியது நான், வெயிலில் விட்டதும் நான். ஒவ்வொரு சொட்டும் ஒரு பாத்தி. விளைச்சலைப் பார்த்துவிட்டுக் கடலைத் திட்டியதும் நான்தான்.

ஆற்றுத் தண்ணீர் இருந்த இடத்தில் லேசாக ஒரு வளையம், சாய்த்துப் பார்த்தால் தெரிகிற மாதிரி. ஏ.சி. தண்ணீர் இருந்த இடத்தைத் தேடினோம். அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். இங்கேதானே விட்டாய் என்று கேட்டாள். இங்கேதான். ஒன்றுமே இல்லை. வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் போயிருந்தது.

மாடியில் காற்று அடித்துக்கொண்டிருந்தது, அதே கடல்காற்று. உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். அந்தக் காற்றுக்குள் இருந்துதான் இந்த உப்பே இல்லாத தண்ணீர் இறங்கியிருக்கிறது. இத்தனை வருசமாக நாங்கள் திட்டித் தீர்த்த காற்று, ஆற்றைவிட நல்ல தண்ணீரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்திருக்கிறது.

அம்மா போன தூது

பல் டாக்டரிடம் தண்ணீர் கேட்க யார் போவது என்று ஒரு பிரச்சினை வந்தது. சண்டை போட்ட ஆள்தான் போக வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அம்மா புடவையை மாற்றிக்கொண்டு போனாள். திரும்பி வந்து என்ன நடந்தது என்று சொல்லவே இல்லை. பிறகு டாக்டரே என்னிடம் சொன்னார். அம்மா உள்ளே வந்ததும் அவர் பயந்துபோய், குழாயை நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றாராம். அம்மா பதறிப்போய், மாத்திராதிய டாக்டரே, அது அங்கனயே வடியட்டும் என்றாளாம். அவர் அதை வேறு ஏதோ மிரட்டல் என்று நினைத்திருக்கிறார்.

அன்றைக்கே குழாய்க்குக் கீழே குடம் வைத்தோம். எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு ஏ.சி. சொட்டுகிற வேகம் இருக்கிறதே, குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். துணியில் வடிகட்டி கேனில் சேர்த்தோம். அம்மா பழக்கதோஷத்தில் கேனுக்கும் மூடி போட்டுத் துணி கட்டி மேலே கல் வைத்தாள்.

இப்படித்தான் கழுவினோம்

வலது பக்கம் விழுந்த புள்ளிகள் இருந்தன. அவை புதிசு, ஆழமாகக் கடிக்கவில்லை. சமையலுக்கு வாங்குகிற வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி ஏ.சி. தண்ணீர் கலந்து, மெல்லிய துணியை அதில் நனைத்து, வண்டியை நிழலில் வைத்து, உள்ளங்கை அகல இடமாக ஒற்றினோம். தேய்க்கவில்லை. வளையம் இளகினதும் உடனே தண்ணீர் விட்டு அலசிவிட்டோம். வண்டி ஊறுகாய் வாசம் அடித்தது. ஆனால் புள்ளி போயிற்று.

அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் பழகிப் பழகி ஒரு முறை வைத்துக்கொண்டோம். வெயிலில் கழுவக் கூடாது. காலையில் சீக்கிரம், இல்லையென்றால் பொழுது சாய்ந்து, பானட்டில் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறபோது. அழுக்கைப் போக்கவும் ஷாம்புக்கும் போர்த் தண்ணீரே போதும், தப்பில்லை. ஆனால் அதை வண்டிமேல் காயவிடக் கூடாது. அதில்தான் சூட்சுமம் எல்லாம். கூரையில் ஆரம்பித்து ஒரு பகுதி கழுவினால், அந்தப் பகுதி ஈரமாக இருக்கும்போதே மேலே இருந்து ஏ.சி. தண்ணீரைச் சொம்பால் மெதுவாகச் சரிய விட வேண்டும். பிறகு அகலமான துண்டை ஈரத்தின்மேல் விரித்து, இரண்டு முனையையும் பிடித்து நம் பக்கம் இழுக்க வேண்டும். துண்டு தானாகக் குடித்துக்கொள்ளும். அப்புறம்தான் அடுத்த பகுதி.

முடித்துவிட்டோம் என்று நினைத்தால், கதவுப் பிடிக்குள் இருந்தும் பக்கக் கண்ணாடிக்குள் இருந்தும் ஒளிந்திருந்த தண்ணீர் மெதுவாக எட்டிப் பார்க்கும். அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். வண்டியைத் தெரு முனை வரைக்கும் ஓட்டிப் போய் இரண்டு தடவை பிரேக் போடுவாள். ஒளிந்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிடும். நான் துண்டோடு பின்னால் ஓட வேண்டும். தெருப் பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கை.

நான் ஒரு சொட்டைத் தவறவிட்டால் அக்காவுக்குத் தூரத்தில் இருந்தே தெரிந்துவிடும். ஏலே, அங்கன, கண்ணாடிக்குக் கீழ, என்பாள். தூக்கத்தில்கூட அவள் அப்படிச் சொன்னதாக அம்மா சொன்னாள்.

ஆலந்தலை

கல்யாணத்தன்று விடியும்போதே ஆலந்தலை போய்ச் சேர்ந்துவிட்டோம். வழித்தூசி வண்டிமேல் படிந்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பூவரச நிழலில் நிறுத்தி, கேனைத் திறந்து, கடைசித் தடவையாக அலசித் துடைத்தோம். அலை சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் ஏற ஏற வண்டியின் கறுப்புக்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன: பூவரச இலை, மேகம், ஒரு காக்கை, அக்காவின் முகம். அவ்வளவு கறுப்பை நான் அதற்கு முன்னால் பார்த்தது இல்லை. உள்ளே கை விட்டால் முழங்கை வரைக்கும் போகும் போல இருந்தது.

அக்கா பட்டுப்புடவை கட்டி, காலில் ஓட்டுவதற்குத் தோதான செருப்பைப் போட்டுக்கொண்டு, மெதுவாக ஊருக்குள் ஓட்டினாள். கல்யாண வீட்டு வாசலில் சித்தப்பா நின்றார். வேட்டி, சட்டை எல்லாம் புதிசு. வண்டி நின்றதும் சொன்ன மாதிரியே சுற்றி வந்தார். பானட்டில் விரல் வைக்கக் குனிந்தார். அதில் அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. விரலை வைக்காமல் கையை எடுத்துக்கொண்டார். தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்துத் தள்ளிப் போய் யாரிடமோ, நீ வர வேண்டாம்பா என்று சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

அக்கா என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். எலும்பு நொறுங்கியிருக்கும்.

ஜெனிட்டா வெள்ளைப் புடவையும் முக்காடுமாக வெளியே வந்து, அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். கிளம்பப் போகிறோம். அப்போது அவளுடைய அம்மா வீட்டுக்குள் இருந்து வேகமாக வந்தார்கள். கையில் மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம். உள்ளங்கையில் ஊற்றி ஊற்றி வண்டியின்மேல் தெளித்தார்கள். பானட்டில், கூரையில், முன்கண்ணாடியில், கதவில், அக்காவின் தலையில். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. தாராளமான கை. பாட்டில் காலியாகும் வரைக்கும் நிறுத்தவில்லை.

தீர்த்தமும் அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான்; அது எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியது இல்லை. வெயில் ஏறிவிட்டது. கறுப்புமேல் ஐம்பது அறுபது சொட்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தன.

துண்டு என் தோளில்தான் இருந்தது. கை தானாகப் போனது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடுலே.”

“காயப் போவுதுக்கா.”

“காயட்டும்.”

ஜெனிட்டாவின் அம்மா பாட்டிலை மூடிக்கொண்டு, மகள் இருந்த பக்கத்துக் கதவைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பின்னால் வருகிற பஸ்ஸில் அவர்கள் வருவார்கள். ஆனாலும் மகள் அந்த வீட்டில் இருந்து போவது அந்த வண்டியில்தான்.

வண்டி நகர்ந்தது. முன்கண்ணாடி முழுக்கச் சொட்டு. வைப்பரையாவது போடு என்று மெல்லச் சொன்னேன். அக்கா கேட்காத மாதிரி கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, சொட்டுகளுக்கு இடையில் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். திருச்செந்தூர் தாண்டியது, காயல்பட்டினம் தாண்டியது. ஆறுமுகநேரிக்குப் பிறகு இரண்டு பக்கமும் உப்பளம், வெயிலில் கண்கூசுகிற வெள்ளை. கண்ணாடியில் இருந்த சொட்டுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, கரை வெளுத்து, வளையமாக நின்றன. எனக்கு அவற்றில் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தூத்துக்குடி வரும்வரைக்கும் நான் ஒரு கிண்டலும் பேசவில்லை. அக்கா இரண்டு தடவை, வயிறு கியிறு சரியில்லையா என்று கேட்டாள்.

கோயில் வாசலில் நிறுத்தினோம். போட்டோக்காரர் ஓடி வந்து பெண்ணைக் கதவோரம் நிற்கச் சொன்னார். கேமராவைத் தூக்கினார், இறக்கினார். வண்டியெல்லாம் ஒரே வெள்ளைப் புள்ளியாக இருக்கிறது, படத்தில் நன்றாக இருக்காது, யாராவது ஒரு துணி கொண்டுவந்து துடைத்துவிடுங்கள் என்றார்.

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் துண்டைத் தோளில் இருந்து எடுத்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் இருந்து முதல் ஆளாக இறங்கிய சித்தப்பா எனக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு போட்டோக்காரரைப் பார்த்தார்.

“அது எங்க மதினி தெளிச்சதுப்பா. அப்பிடியே எடு,” என்றார்.